துண்டு என்கிட்ட, கிண்ணம் அவகிட்ட

எனக்கு வயிறு எரியும். இத்த முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் நடுவுல யாரும் "இன்னாமே, இவ்ளோ பொறாமை பிடிச்சவளா நீ"ன்னு கேக்கக் கூடாது. ஆமா, பிடிச்சவதான். என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் பொண்டாட்டி, ஒரு புதுப் பொடவை கட்டினா அன்னிக்கு எனக்கு சோறு எறங்காது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வாசல், ஒரே கொழாய், தனித்தனி அடுப்பு. அவ அடுப்புல மீன் கொதிச்சா அந்த வாசனை என் அடுப்பு வரைக்கும் வந்து என்னைக் குத்தும். அவ வைக்கிற கொழம்பு என்னுதைவிட நல்லா இருக்கும்ங்கறது வேற விஷயம். அதுவும் ஒரு எரிச்சல்தான்.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் அவளைப் பாத்து எரிஞ்சதில்ல. பழவேற்காட்டு ஏரியில எறா தடவப் போறப்ப நான்தான் முன்னாடி. அவ எனக்குப் பின்னாடி.

சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் எங்க பொம்பளைங்க வலையைத் தொடறதில்ல. இடுப்புத் தண்ணியில குந்திக்கினு, சேத்துக்குள்ள ரெண்டு கையையும் விட்டுத் தடவிக்கினே நகந்து போவோம். பனையோலையில முடைஞ்ச பறியோட கயித்தைப் பல்லால கடிச்சிக்கினு இருப்போம். எறா கையில மாட்டினா அந்தப் பறியில போட வேண்டியது. பல்லுல கயிறு இருக்கறதால யாரும் வாயைத் திறக்க முடியாது. எனக்கும் அவளுக்கும் ஒரு நாள்ல சண்டை இல்லாத நேரம்னா அது ஒண்ணுதான்.

ஒருத்தி பின்னால ஒருத்தியா வரிசை போவும். முன்னாடி போறவளுக்குத்தான் கலங்காத சேறு, தூங்கற எறா. பின்னாடி வர்றவங்களுக்கு அவ விட்டது, தப்பிச்சது. எந்தப் பக்கம் போவணும், எப்பத் திரும்பணும்னு முன்னாடி போறவ முதுகு சொல்லும், மத்தவங்க அது பின்னாடியே போவணும். என் மாமியா இருந்த எடம் அது. அவங்களுக்கு முட்டி போனப்புறம் எனக்கு வந்துச்சு. எனக்குன்னு சொல்லிக்க இந்த ஊர்ல வேற எதுவும் கெடையாது. வீடு பொது, படகு பொது. அந்த எடம் மட்டும் என்னுது.

அந்த எடத்துக்கு ஒரு கடமையும் உண்டு. சேத்துக்குள்ள எறாவைத் தவிர என்னென்னவோ கையில தட்டும். மொண்ணையா இருந்தா, கல்லு, கட்டை, செத்துப்போன கிளிஞ்சல் மாதிரி, இடது கைப்பக்கமா பின்னால தள்ளிடலாம். தள்ளினது பின்னால வர்றவளுக்கு. வேணும்னா எடுத்துப்பா, இல்லாட்டி அவளும் தள்ளுவா. கூரா இருந்தா மட்டும், பாட்டில் ஒடைசல், தகரம், கெளுத்தி முள்ளு மாதிரி, தள்ளவே கூடாது. பின்னால வர்றவ கை அதே எடத்துக்குத்தானே வரும்? கூரானதை முன்னாடி போறவ தன் பறியில போட்டுக்கினு கரைக்கு எட்னு வந்துடணும். இத்த யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல. கை அறுபட்டாத் தானா வந்துடும்.

மழை ஓஞ்சு தண்ணி தெளிய ஆரம்பிச்ச நேரம். காலையில கிளிஞ்சல் மேட்டை ஒட்டித் தடவிக்கினு போறேன், வட்டமா ஒண்ணு கையில தட்டிச்சு. ஓரம் மழமழன்னு இருந்துச்சு. பெரிய கிளிஞ்சலா இருக்கும், இல்லாட்டி எவனோ படகுலேருந்து போட்ட டீக் கோப்பைன்னு நெனைச்சேன். மொண்ணைதானே, தள்ளிட்டேன். அடுத்த தடவுல அதே எடத்துல இன்னொண்ணு. இது கூர். ஆள்காட்டி விரல்ல சர்ருன்னு ஏறிச்சு. கத்தலாம்னா பல்லுல கயிறு. கடிச்சிக்கினே அதைப் பறியில போட்டுக்கினேன்.

கரையேறிக் கொட்டினப்பதான் பாத்தேன். எறாவுக்கு நடுவுல ஒரு பீங்கான் துண்டு, வெள்ளையில நீலப் பூ போட்டது. திரும்பிப் பாத்தா என் ஓரகத்தி ஒரு கிண்ணத்தைக் கழுவிக்கினு நிக்கறா. முழுசா இல்ல, பூசணிக்காயில ஒரு கீத்து எடுத்த மாதிரி ஒரு பக்கம் இல்ல. இருந்தாலும் கிண்ணம். வெளியில சுத்தி நீலத்துல கொடியும் பூவும். அடியில ரெண்டு வளையம், வளையத்துக்குள்ள ஒடைஞ்ச ஓரமா ரெண்டு எழுத்து. தமிழும் இல்ல, தெலுங்கும் இல்ல.

"அக்கா, பாரேன், இன்னா ஷோக்கா கீது!"

நான் என் துண்டைத் திருப்பினேன். அதுலயும் வளையத்தோட மிச்சம், உள்ள நாலு எழுத்து. அவ கிண்ணத்துல காணாமப் போன கீத்து என் கையில இருக்கு.

"அது என் கைக்கு வந்ததுடி. நான்தான் தள்ளினேன்."

"தள்ளிட்டியேக்கா"ன்னு சொல்லி சிரிச்சா. கூட வந்த பொம்பளைங்களும் சிரிச்சாங்க. தள்ளினது பின்னால வர்றவளுக்குன்னு எனக்குத் தெரியாதா? அந்தச் சட்டத்தை அவளுக்குக் காட்டினதே நான்தான். துண்டை முந்தானையில முடிஞ்சிக்கினு, "கூரானது முன்னாடி போறவளுக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்னிக்கே விரல் வீங்கிப்போச்சு. ஆரம்பாக்கம் போய் ஊசி போட்டுக்கினு வந்தேன். ஆறற வரைக்கும் தண்ணியில கை வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் வீட்ல குந்திக்கினு இருந்தேன், என் ஓரகத்தி முன்னாடி போனா. யாரு போவச் சொன்னாங்கன்னா, யாரும் சொல்லல. எனக்கு அடுத்து நின்னவ அவதான், அவ்ளோதான்.

அந்தச் சமயம் பாத்து ஏரி அள்ளிக் குடுத்துச்சு. மழை ஓஞ்ச கையோட எறா கரைப்பக்கம் ஒதுங்கும், எவ முன்னாடி போயிருந்தாலும் பறி ரொம்பியிருக்கும். ஒரு மாடு முன்னாடி போயிருந்தாக்கூட ரொம்பியிருக்கும். அதையெல்லாம் யாரு கேக்கறா? "கிண்ணம் வந்த நேரம்"னாளுங்க. "அவளுக்குக் கைராசி"ன்னாளுங்க. வாசல்ல நான் குந்திக்கினு இருக்கறது தெரிஞ்சே சொல்லிக்கினு போனாளுங்க.

என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "ஒடைஞ்ச கிண்ணிக்கா இவ்ளோ பேஜாரு? விடு"ன்னாரு. கிண்ணிக்கு இல்லய்யா, என் எடத்துக்குன்னு கத்தினேன். எடம் எங்க போவும், தண்ணியிலதானே இருக்குன்னாரு. ஆம்பளைங்ககிட்ட சொல்லி ஆறுதல் தேடினது என் தப்பு.

இதுக்கு நடுவுல என் கொழுந்தன் அந்தக் கிண்ணத்தைப் போட்டோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பினான். அது சுத்தி சுத்தி மெட்ராஸ்ல ஒரு பொண்ணுகிட்ட போய்ச் சேந்துச்சு. பழைய பீங்கானைப் பத்திப் படிக்கிற பொண்ணாம். பழவேற்காட்டுப் பக்கமெல்லாம் ஏற்கெனவே அலைஞ்சு பாத்திருக்கு. ஒரு நாள் ஆரம்பாக்கத்துல பஸ் எறங்கி, பூதக்கண்ணாடியும் சின்ன டார்ச்சுமா எங்க வாசல்ல வந்து நின்னுச்சு.

அந்தப் பொண்ணுக்கு ஒரு பழக்கம். எதைக் கையில குடுத்தாலும் தலைகீழாக் கவுத்துடும். மேல எவ்ளோ பூ போட்டிருந்தாலும் கண்ணு போறது அடிக்குத்தான். எந்த ஊர்ல செஞ்சது, எந்தக் காலத்துல செஞ்சது, எல்லாம் அங்கதான் இருக்காம். ஊரே அவங்கவங்க வீட்டுக் கப்பு, சாசரு, தட்டெல்லாம் எட்னு வந்து வரிசையா கவுத்து வெச்சுது. நான் டீ குடுத்த கப்பையும் குடிச்சு முடிச்சதும் கவுத்துப் பாத்துச்சு. ஆரம்பாக்கத்துக் கடையில வாங்கினது அது, அடியில ஒரு கிரீடம் போட்டிருக்கும். பாத்துட்டு சிரிச்சிக்கினே வெச்சிடுச்சு.

எதிர் வீட்டம்மா ஒரு சாசர் வெச்சிருந்தாங்க. அவங்க நைனா காலத்துது, சீனா சாசர்னு ஊருக்கே சொல்லிக்கினு இருந்தாங்க. பொண்ணு திருப்பிப் பாத்தா அடியில இங்கிலீஷ்ல ஜப்பான்னு இருக்கு. "நாட்டுப் பேரு இங்கிலீஷ்ல இருந்தா ரொம்பப் பழசு இல்லம்மா. வெளிநாட்டுக்கு விக்கறதுக்காக அப்புறமாப் போட ஆரம்பிச்சது"ன்னுச்சு. எதிர் வீட்டம்மா மூஞ்சி சுண்டிப் போச்சு. எனக்குக் கொஞ்சம் குளுகுளுன்னு இருந்துச்சு. இன்னா பண்றது, என் சுபாவம் அப்படி.

நான் அந்தப் பொண்ணுக்குப் பக்கத்துலயே ஒட்டிக் குந்திக்கினு எல்லாத்தையும் கேட்டேன். சீனாக்காரன் எழுத்தை மேலேருந்து கீழ படிக்கணும், வலது பக்கத்துலேருந்து ஆரம்பிக்கணும். ஆறு எழுத்து இருந்தா, முதல்ல வம்சம், அப்புறம் ராஜா, கடைசியில இன்ன ஆண்டுல செஞ்சதுன்னு வரும். ஒரு காலத்துல ராஜா பேரைப் போடாதேன்னு தடை இருந்துச்சாம். கிண்ணம் ஒடைஞ்சு குப்பைக்குப் போனா ராஜா பேரும் குப்பைக்குப் போவுதேன்னு. அந்தக் காலத்துச் சாமான்ல வெறும் வளையம் இருக்கும், இல்லாட்டி ஒரு இலை, ஒரு முயல். ஜப்பான்காரனும் சீனா எழுத்தையே போடுவான், ஆனா சூளையில சாமானைச் சின்னச் சின்ன முள்ளு மேல நிறுத்திச் சுடுவான். அதனால அடியில அங்கங்க புள்ளி இருக்கும்.

கடைசியாத்தான் கிண்ணத்தை எடுத்துச்சு. என் ஓரகத்தி அதை மஞ்சத் துணியில சுத்தி சாமி படத்துக்குக் கீழ வெச்சிருந்தா, பாருங்க அலட்டலை.

பொண்ணு ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம், "இந்த ரெண்டு எழுத்தும் ஆண்டு, செஞ்சதுன்னு மட்டும்தான் சொல்லுது. எந்த ராஜாங்கறது ஒடைஞ்ச பக்கம் போயிடுச்சு. அந்தத் துண்டு கெடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்"னுச்சு.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிச்சு.

"துண்டு என்கிட்டதான் கீது. தர மாட்டேன்"னேன்.

ஒளிச்சு வெக்கற ஆளு நான் இல்ல. ஊர் முன்னாடி சொன்னேன். கிண்ணத்தைக் கொண்டாந்து என் வீட்ல வெக்கச் சொல்லு, துண்டைக் காட்டறேன்னேன். அவ, "துண்டைக் கொண்டாக்கா, இங்கயே வெச்சுப் பாக்கலாமே"ன்னா. நீ வா, நீ வான்னு ரெண்டு பேரும் அவங்கவங்க வாசப்படியில நிக்கறோம். பாவம், அந்தப் பொண்ணு நடுவுல நின்னு எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. எவ்ளோ கெஞ்சியும் நான் அசையல. துண்டுல பெரிய ராஜா பேரு இருந்துட்டா அவ கைராசிக்கு அந்த ராஜாவே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும், என் எடம் போயிடும். படிக்காத வரைக்கும் அது கடைச் சரக்கா இருக்கறதுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கே, அதை நான் ஏன் விடணும்?

பொண்ணு கெளம்பறப்ப ஒரு விஷயம் சொல்லிச்சு. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு கண்ணாடி அலமாரி வெக்கப் போறாங்க. ஏரிக்கரை ஊருங்கள்ல கெடைச்ச பீங்கானெல்லாம் அதுல வரும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சீட்டு, எங்க செஞ்சது, எப்பச் செஞ்சது, யாரு கண்டெடுத்தாங்கன்னு. மறுபடி வருவேன், அதுக்குள்ள சமாதானம் ஆயிடுங்கக்கான்னு சொல்லி, ராஜாக்களோட எழுத்துங்க இருக்கற படத்தை என் வீட்டுக்காரர் போன்ல போட்டுட்டுப் போச்சு.

எங்க பொம்பளைங்களுக்கு இது போதாதா? "எதுக்கு வீண் சண்டை? சீட்டுல யாரு பேரு வருதோ அவ முன்னாடி போவட்டும்"னு முடிவு பண்ணிட்டாளுங்க. என் ஓரகத்தி தலையை ஆட்டினா. நானும் ஆட்டினேன். ஆட்டாம?

அப்பதான் எனக்கு உறைச்சுது. கிண்ணம் முதல்ல என் கைக்கு வந்துச்சுன்னு நான் மட்டும்தான் சொல்றேன். கலங்கின தண்ணி, குனிஞ்ச தலை, எவ பாத்திருப்பா? எனக்கு இருக்கற ஒரே சாட்சி அந்தத் துண்டு. அது கிண்ணத்தோட பொருந்திச்சுன்னா, ரெண்டும் ஒரே எடத்துல கெடந்துச்சு, அந்த எடத்துக்கு முதல்ல போனது நான்னு ஆயிடும். தர மாட்டேன்னு குதிச்ச அதே துண்டை நானே கொண்டு போய் நீட்டணும். நல்லா மாட்டிக்கினேன்.

வீட்டுக்குப் பின்னால போய்க் குந்திக்கினு போன்ல இருக்கற படத்தையும் துண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். கோடு கோடா ஒத்துப் பாத்தேன். ஒரு எழுத்து மனுஷன் ரெண்டு கையையும் விரிச்சிக்கினு நிக்கற மாதிரி இருக்கும், அது ரொம்ப ராஜாக்களுக்கு இருக்கு. மத்ததை வெச்சுத்தான் பிரிக்கணும். கண்ணு வலிக்க வலிக்கப் பாத்து ஒருத்தரைக் கண்டுபிடிச்சேன். அவர் காலத்துக் கிண்ணம்னா வாங்கறதுக்கு உலகத்துல சண்டையே நடக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருந்த ராஜா. எனக்கு சந்தோஷம் பொங்கிச்சு. அதே நிமிஷம், சீட்டுல அவ பேரு வந்துட்டாங்கற நெனைப்பும் வந்துச்சு. சந்தோஷம் அப்படியே புளிச்சுப் போச்சு.

பொண்ணு மறுபடி வந்த அன்னிக்கு ரெண்டு வாசப்படிக்கும் நடுவுல ஒரு பாயை விரிச்சாங்க. அவ கிண்ணத்தைக் கொண்டாந்து கவுத்து வெச்சா. நான் முந்தானையை அவுத்துத் துண்டை எடுத்து அந்த ஒடைசல்ல வெச்சேன். டிக்குன்னு குந்திச்சு. வளையம் சேந்துச்சு, பக்கத்துல பாதியில நின்ன கொடி முழுசா ஓடிச்சு.

"பாத்தீங்களாடி?"ன்னேன் பொம்பளைங்களைப் பாத்து.

பொண்ணு ஆறு எழுத்தையும் விரல் வெச்சுப் படிச்சுது. மிங் வம்சம். நான் கண்டுபிடிச்ச அதே ராஜா. அவர் ஆண்டுல செஞ்சது. அடேங்கப்பான்னு எல்லாரும் வாயைப் பொளந்தாங்க. பொண்ணு மட்டும் சிரிக்கல. துண்டை எடுத்துட்டு, கிண்ணத்தோட அடி வளையத்தை டார்ச் அடிச்சுப் பாத்துச்சு. நகத்தால தடவிப் பாத்துச்சு.

"சீனாவுல செஞ்சதுதான். முள்ளுப் புள்ளி இல்ல, ஜப்பான் இல்ல. ஆனா இந்த ராஜா காலத்துல செஞ்சது இல்லக்கா. அவருக்குப் பல தலைமுறைக்கு அப்புறம் செஞ்சு, கப்பல்ல ஏத்தி இந்தப் பக்கம் அனுப்பினது. அடி வளையத்தைச் செதுக்கியிருக்கற விதம், இந்த நீலம், எழுத்தோட வளைவு, எல்லாமே பின்னால வந்தவங்களோடது."

"அப்ப டூப்பா?"ன்னு துள்ளினேன். என் கொரல்ல இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டுச்சு.

"டூப்பு இல்லக்கா. இதுவும் பழசுதான், நல்ல வேலைதான். அந்த ராஜா காலத்து வேலைதான் ஒசத்தின்னு பின்னால வந்தவங்க நெனைச்சாங்க. அந்த மரியாதைக்கு, தாங்க செஞ்சதுல அவர் பேரைப் போட்டாங்க. விக்கறதுக்காகவும் போட்டிருப்பாங்க. இந்த எழுத்தை மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம்."

"இன்னா மரியாதை? எங்க ஊர்ல ஒரு சொம்புல அடுத்தவ பேரு வெட்டியிருந்தா அதுக்குப் பேரு திருட்டு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. என் ஓரகத்தி மட்டும் சிரிக்காம கிண்ணத்தையே பாத்துக்கினு இருந்தா.

பொண்ணு ஒரு வெள்ளை அட்டையை எடுத்துச்சு. எங்க செஞ்சதுன்னு எழுதிச்சு, எப்பன்னு எழுதிச்சு. "கண்டெடுத்தது யாருன்னு போடட்டும்?"

நான் மூச்சை இழுத்தேன். பேச வேண்டியதெல்லாம் தயாரா வெச்சிருந்தேன். துண்டு பொருந்திச்சா, ஒரே எடம்னு ஆச்சா, முன்னாடி போனது யாரு, தள்ளினது யாருன்னு வக்கீல் மாதிரி வரிசையா அடுக்கி வெச்சிருந்தேன். வாயைத் திறக்கறதுக்குள்ள அவ முந்திக்கினா.

"அக்கா பேரைப் போடுங்க. அக்கா கைக்குத்தான் கிண்ணம் முதல்ல வந்துச்சு. அக்கா தள்ளினப்ப என் கையில வந்து மோதிச்சு, எனக்குத் தெரியும்."

நான் சந்தோஷப்படணும் இல்லியா? கேட்டது கெடைச்சுது, எடம் திரும்பி வந்துச்சு. எனக்கு உள்ளங்கால்லேருந்து உச்சந்தலை வரைக்கும் பத்திக்கிச்சு. நான் பிடுங்கிக்கினா அது என்னுது. அவ குடுத்தா அது அவ குடுத்ததுதானே? ஆயுசு பூரா அவ குடுத்த எடத்துல நான் குந்திக்கினு போவணும். முன்னாடி போறப்பல்லாம் பின்னால ஒரு புண்ணியவதி வர்றான்னு என் முதுகுக்குத் தெரியும். கிண்ணமும் அவளுக்கு, கைராசியும் அவளுக்கு, இப்ப நல்ல மனசும் அவளுக்கே. எனக்கு இன்னாதான் மிச்சம்?

"ஏய், அந்த சீனாக்காரன் வேலையை என்கிட்ட காட்டறியா?"ன்னு கத்தினேன். "உன் சாமானுக்கு என் பேரா? எவ கேட்டா உன் மரியாதையை? தள்ளினது பின்னால வர்றவளுக்கு. சட்டம் சட்டந்தான். அம்மா, அவ பேரையே போடு!"

"நிஜமாவாக்கா?"ன்னுச்சு பொண்ணு.

"எழுதுன்னா எழுது!"

எழுதிடுச்சு. துண்டையும் அங்கயே வெச்சிட்டு வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கினேன். என் வீட்டுக்காரர் பின்னாடியே வந்து, "சீட்டுல யாரு பேரோ அவதானே முன்னாடி? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"ன்னாரு. அப்பதான் நான் இன்னா பண்ணி வெச்சிருக்கேன்னு எனக்கே புரிஞ்சுது. என் எடத்தை யாரும் பிடுங்கல. என் வாயாலயே தூக்கிக் குடுத்துட்டேன். ஒரு மூச்சு அழுது தீத்தேன்.

விரல் ஆறி நான் மறுபடி ஏரிக்குப் போன காலையில, அவ கரையில ஒதுங்கி நின்னா. நான் முன்னாடி எறங்குவேன்னு பாத்தா போல.

"போடி, யாரு பேரு இருக்குதோ அவ போ"ன்னேன்.

அவ பறிக் கயித்தைக் கடிச்சிக்கினு எறங்கினா. நான் பின்னால எறங்கினேன். எனக்கு முன்னால ஒரு முதுகு. மாமியா காலத்துக்கு அப்புறம் ஏரியை நான் ஒரு முதுகுக்குப் பின்னாலேருந்து பாத்ததே இல்ல. அவ ரவிக்கை ஈரம்கூட எனக்கு எரிச்சலா இருந்துச்சு. கொஞ்ச தூரம் போனதும் நேரா கிளிஞ்சல் மேட்டுப் பக்கம் திரும்பினா. கிண்ணம் கெடைச்ச அதே எடம். அடிப் பாவி, இன்னொண்ணு வேணுமா உனக்கு, ஒண்ணு பத்தலியான்னு நெனைச்சேன். கேக்கலாம்னா பல்லுல கயிறு. அந்த எடத்துல ஓடும் ஒடைசலும் அவ்ளோ கெடக்கும். அவளுக்கோ முன்னாடி போய்ப் பழக்கமில்ல, பாதியை விடுவா, இன்னிக்கு என் கை கந்தல்தான்னு நெனைச்சிக்கினே கையை விட்டேன்.

சேறு. வெறும் சேறு. வெண்ணெய் மாதிரி சேறு. தடவத் தடவ எறா வந்துச்சு, நான் நெனைச்சதைவிட நல்லாவே வந்துச்சு. ஒரு ஓடு படல, ஒரு ஒடைசல் படல. வேணும்னே விரலை விரிச்சு ஆழமாக் கிளறிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. இடது பக்கம் ஒரு கல்லுகூட அவ தள்ளி வரல.

கரையேறினதும் அவ பறியைக் கவுத்தா. கலகலன்னு கொட்டிச்சு. ஓடு, பாட்டில் ஒடைசல், துருப்பிடிச்ச தகரம், மொண்ணைக் கல்லு, எல்லாம். அடியில கொஞ்சூண்டு எறா. "இன்னாடி கைராசிக்காரி, எறா எங்க?"ன்னாளுங்க பொம்பளைங்க. அவ சிரிச்சிக்கினே கையை முந்தானைக்குள்ள மறைச்சா.

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா."

இழுத்துப் பிரிச்சேன். ஒரு விரல் பாக்கி இல்ல. எல்லாத்துலயும் வெட்டு, ரத்தமும் சேறுமா. என் கையில இருக்க வேண்டிய வெட்டு அத்தினியும் அவ கையில.

"கூரானதை எடுத்த, சரி. மொண்ணையை ஏண்டி சுமந்த? தள்ள வேண்டியதுதானே?"

"வெறுங்கல்லைத் தள்ளினா, நீ இன்னாவோன்னு ஆசையா எடுப்பே"ன்னா. "நீ எனக்குத் தள்ளின மாதிரி நல்லதா ஒண்ணு வந்தா தள்ளலாம்னு அங்க போய்ப் பாத்தேன்க்கா. ஒண்ணும் வரல."

அவ கையைப் பிடிச்சிக்கினு அப்படியே நின்னேன். வயிறு எரிஞ்சுது எனக்கு. இத்தினி வருஷம் முன்னாடி போனவ நான். பின்னால வர்றவளுக்கு நல்லதா ஒண்ணு தேடித் தள்ளணும்னு எனக்கு ஒரு நாள் தோணினதில்ல. போன முதல் நாளே அது இவளுக்குத் தோணிச்சே, பாவி மவளுக்கு.